ரொட்டி மரத்துக்கு ஒரு திருவிழா

அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தாலியின் அபெனைன் மலைக்குள் இருக்கும் மர்ராதி என்ற சிற்றூர் திமிலோகப்படும். ஊரின் மொத்த மக்கள்தொகையே சுமார் 3,000 தான். ஆனால் அந்த நாட்களில் தெருவில் நடக்க இடம் இருக்காது. பழைய நீராவி எஞ்சின் பூட்டிய சிறப்பு ரயிலில் கூட சமவெளி நகரங்களிலிருந்து ஆட்கள் வந்து இறங்குவதுண்டு. அடியில் ஓட்டை போட்ட பெரிய இரும்புச் சட்டிகளில், நேரடித் தீயில், செஸ்ட்நட் கொட்டைகளை வறுத்துக் கொட்டுவார்கள். காகிதப் பொட்டலத்தில் சுடச்சுட வாங்கி, விரல் சுட உரித்துத் தின்றுகொண்டே கூட்டம் நகரும். செஸ்ட்நட் கேக், செஸ்ட்நட் ஜாம், செஸ்ட்நட் மசியல் வைத்துப் பிடித்த கொழுக்கட்டை மாதிரியான தொர்தெல்லி... எல்லாவற்றிலும் அதே கொட்டை!

இதற்குப் பெயர் சாக்ரா. கோயில் திருவிழாவோடு சம்பந்தப்பட்ட சொல். 'புனிதம்' என்ற பொருள் தரும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. பெயரைக் கேட்டாலும், கல் வீடுகளையும் புகையையும் பார்த்தாலும், ஏதோ ஆயிரம் வருடமாக நடந்துவரும் விழா என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மை அதுவல்ல. மர்ராதியில் இந்த விழா தொடங்கியது 1960களின் நடுவில்! நம் தாத்தா பாட்டிகளின் கல்யாணத்தை விடப் பழையதாக இருக்க வாய்ப்பில்லை.

கொட்டையைத் தின்பது மட்டும் ஆயிரம் வருடப் பழக்கம். அப்படியானால் ஆயிரம் வருடம் விழா எடுக்காமல் தின்றவர்கள், 1960களில் திடீரென்று ஏன் விழா எடுக்க ஆரம்பித்தார்கள்? இந்தக் கேள்விக்குள்தான் ஊரின் கதையே இருக்கிறது.

மர்ராதி இருப்பது ஒரு விசித்திரமான இடத்தில். நிர்வாகப்படி அது ஃபுளோரன்ஸ் நகரைச் சேர்ந்தது, அதாவது டஸ்கனி. ஆனால் மலை முகட்டைத் தாண்டி மறுபக்கச் சரிவில் உட்கார்ந்திருக்கிறது. ஊருக்கு நடுவே ஓடும் லமோனே ஆறு ஃபுளோரன்ஸ் பக்கம் போகாமல் எதிர்த்திசையில் ஏட்ரியாட்டிக் கடலை நோக்கிப் போகிறது. இலக்கியம் படிப்பவர்களுக்கு இந்த ஊரைக் கவிஞர் தீனோ கம்பானாவின் ஊராகத் தெரிந்திருக்கும். 1885ல் இங்கே பிறந்தவர், 1914ல் தன் ஒரே புத்தகத்தை இதே ஊரில் இருந்த அச்சகத்தில்தான் அச்சடித்தார். அது தனிக்கதை, இன்னொரு நாள் பார்ப்போம். இப்போது மரத்துக்கு வருவோம்.

மலைச்சரிவில் கோதுமை சரியாக விளையாது. மண் ஆழம் குறைவு, குளிர் அதிகம், ஏர் ஓட்டச் சமதளமும் இல்லை. அங்கே செழிப்பாக வளர்வது செஸ்ட்நட் மரம். நிலக்கடலை, பாதாம், முந்திரி எல்லாம் எண்ணெய்க் கொட்டைகள். செஸ்ட்நட் அந்த வகையே இல்லை. அதில் கொழுப்பு மிகக் குறைவு, மாவுச்சத்துதான் அதிகம். வேகவைத்தால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி இருக்கும். அதாவது, இது மரத்தில் காய்க்கும் தானியம். இத்தாலியர்கள் இதை 'ரொட்டி மரம்' என்று அழைத்ததற்குக் காரணம் இதுதான்.

ரோமானியர் காலத்திலேயே மரம் இருந்தது. ஆனால் மலைகள் முழுக்க இதை நட்டுப் பரப்பியது இடைக்காலத்தில், சுமார் 11ம் நூற்றாண்டிலிருந்து. மக்கள்தொகை கூடியது, சமவெளி போதவில்லை, சனம் மலையேறியது. அந்த நூற்றாண்டில் டஸ்கனியை ஆண்ட கோமாட்டி மட்டில்டா (1046-1115) தான் செஸ்ட்நட் நடவை ஊக்குவித்தார் என்பது மலைமக்களின் நம்பிக்கை. மரங்களை இன்ன இடைவெளியில் நட வேண்டும் என்ற நடவு முறைக்குக் கூட இன்றுவரை அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவரே உத்தரவு போட்டாரோ இல்லையோ, யாரோ திட்டம் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள். ஏனென்றால் இது காட்டில் தானாக முளைத்துத் தானாகக் காய்க்கும் மரம் என்று நினைத்தால் தவறு. நல்ல கொட்டை வேண்டுமானால் ஒட்டுக் கட்ட வேண்டும். மரத்தடியில் புதர் மண்டாமல் வருடா வருடம் வெட்ட வேண்டும். கிளை கழிக்க வேண்டும். வைத்தவர் முழுப் பலனைப் பார்ப்பது அபூர்வம். பேரன் காலத்தில்தான் மரம் அள்ளிக் கொடுக்கும். தோப்பு என்பதுதான் சரியான சொல், காடு இல்லை.

அக்டோபரில் முள் உறை வெடித்துக் கொட்டை கீழே விழும். குனிந்து குனிந்து பொறுக்க வேண்டியதுதான். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் செய்த வேலை. உறையின் முள் முள்ளம்பன்றி மாதிரி குத்தும்.

பொறுக்கி முடித்த பிறகுதான் உண்மையான வேலையே. பச்சைக் கொட்டை சில வாரங்களில் பூசணம் பிடித்துவிடும், புழு விழுந்துவிடும். அடுத்த அக்டோபர் வரை சாப்பிட வேண்டும் என்றால் காயவைத்தாக வேண்டும். இலையுதிர் கால மழையில் வெயிலுக்கு எங்கே போவது? அதற்காகத் தோப்புக்குள்ளேயே சின்னச் சின்ன இரண்டடுக்குக் கல் வீடுகள் கட்டினார்கள். செக்கத்தோயோ என்று பெயர். கீழ்த்தளத்தில் செஸ்ட்நட் விறகிலேயே தீ மூட்டுவார்கள். கொழுந்து விட்டு எரியக் கூடாது, கனன்றுகொண்டே இருக்க வேண்டும். மேல்தளத்துக்குத் தரை கிடையாது. இடைவெளி விட்டு அடுக்கிய மரச்சட்டங்கள்தான். அதன்மேல் கொட்டைகளைப் பரப்பிவிடுவார்கள். சூடும் புகையும் சட்ட இடுக்கு வழியாக ஏறி, கொட்டையைக் காயவைத்துவிட்டு, கூரை வழியாக வெளியேறும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, முப்பது நாற்பது நாள்! ராத்திரியும் பகலும் யாராவது ஒருவர் தீயைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்து தீ கூடிவிட்டால் குடும்பத்தின் ஒரு வருடச் சாப்பாடு கருகிப் போகும். ஆகவே அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் அந்த நெருப்பைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தன. கதை சொன்னது, கல்யாணம் பேசியது எல்லாம் அங்கேதான்.

காய்ந்த கொட்டையைக் கோணியில் போட்டுக் கட்டையில் அடிப்பார்கள், அல்லது அடியில் ஆணி பதித்த செருப்போடு ஏறி மிதிப்பார்கள். ஓடு நொறுங்கியதும் முறம் போன்ற தட்டில் வைத்துப் புடைப்பார்கள். (நெல் புடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.) பிறகு ஆற்றோர நீர் ஆலையில் அரைப்பார்கள். மூன்று கிலோ பச்சைக் கொட்டைக்கு ஏறக்குறைய ஒரு கிலோதான் காய்ந்தது கிடைக்கும். அந்த மாவை மரப்பெட்டியில் இறுக்கி அழுத்தி வைத்து, குளிர்காலம் முழுக்கச் சுரண்டிச் சுரண்டி எடுத்துக் களி கிண்டினார்கள். கோதுமை மாவில் இருக்கும் பசைத்தன்மை இதில் கிடையாது, அதனால் உப்பி வராது. இதில் செய்வது எல்லாமே தட்டையானவை. இன்று சுற்றுலாப் பயணிகள் கேட்டு வாங்கும் கஸ்தஞாச்சோ அப்படி ஒரு தட்டைப் பண்டம்தான். செஸ்ட்நட் மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், ரோஸ்மேரி இலை, கொஞ்சம் பைன் கொட்டை. பழைய முறையில் சர்க்கரையே கிடையாது. மாவே லேசான தித்திப்பு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் அது, மதியம் அது, ராத்திரியும் அது, மார்ச் மாதம் வரை அதுவே என்றால்?

தோப்பு யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். டஸ்கனியில் நூற்றாண்டுகளாக இருந்த முறைக்கு மெத்ஸத்ரியா என்று பெயர். நிலக்காரருக்குப் பாதி, உழைப்பவருக்குப் பாதி. நம் ஊரில் வாரத்துக்கு விடுவது என்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். அந்தப் பாதி கூட இல்லாத பரம ஏழைகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அபெனைன் மலையின் பல ஊர்களில், நவம்பர் மாதம் ஒரு குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு (புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11 ஒட்டி), தோப்பில் மிச்சம் கிடக்கும் கொட்டைகளை யார் வேண்டுமானாலும் போய்ப் பொறுக்கிக்கொள்ளலாம். ஈர இலைகளுக்கு அடியில் கிளறிக் கிளறித் தேட வேண்டும். அதை நம்பியே குளிர்காலத்தைக் கடந்த குடும்பங்கள் உண்டு. திருவிழாவின் முன்னோர் யார் என்று கேட்டால், இப்படிக் குனிந்து கிளறியவர்கள்தான். அவர்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்க யாரும் இருக்கவில்லை.

பொருளியல் வகுப்பில் 'தாழ்தரப் பண்டம்' என்று ஒன்று வரும். வருமானம் கூடினால் மக்கள் எதை வாங்குவதைக் குறைத்துக்கொள்வார்களோ அது. செஸ்ட்நட் மாவு அதற்குப் பாடப்புத்தக உதாரணம். கையில் நாலு காசு வந்தவுடன் மலைக்காரர்கள் முதலில் செய்தது வெள்ளை ரொட்டி வாங்கியதுதான். செஸ்ட்நட் களி என்பது ஏழ்மையின் முத்திரை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அதை வைக்கக் கூசினார்கள்.

இதற்கிடையில் மரங்களுக்கும் கெட்ட காலம். 19ம் நூற்றாண்டின் கடைசியில் தோல் பதனிடும் தொழில் பெருகியது. அதற்கு டானின் வேண்டும். செஸ்ட்நட் மரக்கட்டையில் டானின் நிறைய. ஆலைகள் மரத்தை எடை போட்டு வாங்கின. பேரனுக்காக நட்ட மரத்தைப் பேரன் விற்றான். குறை சொல்ல முடியாது, அவன் கையில் முதல்முறையாக ரொக்கம் பார்த்தது அப்போதுதான். அதற்கும் மேலே ஒரு இடி. ஆசியாவிலிருந்து கிளம்பிய ஒரு பட்டைப் பூஞ்சை 1904ல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்டது. சில பத்தாண்டுகளில் அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்களை, கோடிக்கணக்கில், ஏறக்குறைய முழுவதுமாக அழித்தது. அதே நோய் 1938ல் இத்தாலியின் ஜெனோவா அருகே தென்பட்டது. அங்கிருந்து மலைத்தொடர் நெடுக இறங்கியது. ஐரோப்பாவுக்கு மட்டும் ஒரு அதிர்ஷ்டம். 1950களின் தொடக்கத்தில் பிராகி என்ற இத்தாலிய ஆய்வாளர், நோய் கண்ட சில மரங்கள் தாமாகவே காயம் ஆறி நிற்பதைக் கவனித்தார். பூஞ்சைக்கே ஒரு வைரஸ் பிடித்து அது பலமிழந்து போயிருந்தது என்பது பின்னால் புரிந்தது! மரங்கள் பிழைத்தன.

பிழைத்த மரங்களைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. போரின்போது, 1944ல், ஜெர்மானியர்களின் தற்காப்புக் கோடு இந்த மலைகளின் மீதுதான் ஓடியது. 1893ல் ஃபுளோரன்ஸையும் ஃபயென்ஸாவையும் மர்ராதி வழியாக இணைத்த ரயில் பாதையின் பாலங்களும் சுரங்கங்களும் தகர்க்கப்பட்டன. அதை முழுமையாக மீண்டும் திறக்க 1999 ஆகிவிட்டது என்றால் நம்ப முடிகிறதா! போர் முடிந்ததும் இத்தாலியில் தொழில் வளர்ச்சி பொங்கியது. ஃபுளோரன்ஸ், பிராட்டோ ஆலைகளில் மாதச் சம்பளம் கிடைத்தது. மலை கீழே இறங்கியது. வாரத்துக்கு உழைத்தவர்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். தோப்புகளில் புதர் ஏறியது. செக்கத்தோயோக்களின் கூரை விழுந்தது. 1964 செப்டம்பரில் இத்தாலிய அரசு ஒரு சட்டம் போட்டுப் புதிய வார ஒப்பந்தங்களையே தடை செய்தபோது, மலையில் அதைக் கொண்டாடக் கூட அதிகம் பேர் மிச்சமில்லை.

சரியாக இந்தக் கட்டத்தில்தான் மர்ராதியில் விழா தொடங்குகிறது. விழாக்களை நடத்துவது ப்ரோ லோகோ எனப்படும் உள்ளூர் தன்னார்வச் சங்கங்கள். கிட்டத்தட்ட எல்லா இத்தாலிய ஊரிலும் ஒன்று இருக்கும். அவர்கள் கணக்கு எளிமையானது. ஊரை விட்டுப் போனவர்கள் இப்போது நகரத்தில் சம்பளக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை லீவு, சிலரிடம் ஃபியட் கார் வேறு. அவர்களைத் திரும்பக் கூப்பிட ஒரு சாக்கு வேண்டும். எதைக் காட்டிக் கூப்பிடுவது? எந்தக் களியை வெறுத்து ஓடினார்களோ அதே கொட்டையைத்தான்! தினமும் தின்னக் கட்டாயம் இல்லை என்றான பிறகுதான் அதன் ருசி தெரிந்தது போலும்.

ஆனால் விழா மேடையில் ஏறியது பழைய கொட்டை இல்லை. செஸ்ட்நட்டில் இரண்டு வகுப்பு உண்டு. சாதாரணமானது கஸ்தாஞா. மாவாகி வயிற்றை நிரப்பியது பெரும்பாலும் இதுதான். இன்னொன்று மர்ரோனே. பெரிதாக இருக்கும். உள்தோல் பருப்புக்குள் மடிந்து போகாததால் சுலபமாக உரியும். ஒட்டுக் கட்டி வளர்க்கும் உயர்ந்த ரகம். அதன் ஆண் பூக்களில் பெரும்பாலும் மகரந்தம் இருக்காது, ஆகவே அருகில் வேறு செஸ்ட்நட் மரம் நின்றால்தான் காய்க்கும் என்பது ஒரு வேடிக்கை. மர்ரோனே முன்பும் சந்தைக்குப் போன சரக்குதான். காசு தரும் பண்டம். ஊர் பிழைக்க அது கை கொடுத்தது. 1996ல் 'முஜெல்லோ மர்ரோனே'வுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. (முஜெல்லோ என்பது மர்ராதியும் சேர்ந்த மலைவட்டாரத்தின் பெயர்.) இன்ன எல்லைக்குள், இன்ன மரத்தில், ரசாயன உரம் போடாமல் விளைந்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம். தாழ்தரப் பண்டம் முப்பது வருடத்தில் ஆடம்பரப் பண்டமாகிவிட்டது. வணிகவியல் மாணவர்கள் இதைக் கொஞ்சம் நின்று கவனிக்கலாம்: பொருள் அதே மரத்துப் பொருள், மாறியது வாங்குகிறவர்.

அளவையும் பாருங்கள். 20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலி முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 8 லட்சம் டன் செஸ்ட்நட் விளைந்தது. இன்று அதில் பத்தில் ஒரு பங்கு கூட விளைவதில்லை.

2002ல் மறுபடியும் ஒரு விருந்தாளி வந்தது. இந்த முறை குளவி. சீனாவைச் சேர்ந்த, எள்ளளவே உள்ள ஒரு குளவி, வட இத்தாலியின் கூனியோ பகுதியில் முதன்முதலாகத் தென்பட்டது. செஸ்ட்நட் மொட்டுக்குள் முட்டையிடும். தளிர் வர வேண்டிய இடத்தில் சிவப்பும் பச்சையுமாக உருண்டைப் புடைப்பு வரும், பூ வராது. சில ஆண்டுகளில் டஸ்கனியும் மாட்டிக்கொண்டது. விளைச்சல் படுத்தே விட்டது. மருந்து அடித்தாலும் மொட்டுக்குள் இருப்பதை எட்டாது. கடைசியில் முள்ளை முள்ளால்தான் எடுத்தார்கள். அந்தக் குளவியின் புழுவைத் தின்னும் இன்னொரு குளவி சீனாவில் உண்டு. ஜப்பானில் ஏற்கெனவே அதை விட்டுப் பார்த்து வெற்றி கண்டிருந்தார்கள். அங்கிருந்து கொண்டுவந்து 2005ல் பியெட்மாண்ட் தோப்புகளில் விட்டார்கள். பிறகு மற்ற மாநிலங்களிலும். நண்பன் பெருகிப் பகைவனைக் கட்டுப்படுத்த ஏறக்குறைய பத்து வருடம் பிடித்தது.

இப்போது கடைசிக் கணக்கு. இந்த விழாவால் யாருக்கு லாபம்? பொட்டலம் விற்பவர், ஓட்டல்காரர், தோப்பு வைத்திருப்பவர் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வருகிறது. ஆனால் நான்கைந்து ஞாயிற்றுக்கிழமை வருமானத்தில் ஒரு ஊர் வருடம் முழுக்கச் சாப்பிட முடியாது. செஸ்ட்நட்டில் பெரிய பணம் இருப்பது மர்ரோன் கிளாசே என்ற இனிப்பில். முழுக் கொட்டையைச் சர்க்கரைப் பாகில் பல நாள் ஊறவைத்துச் செய்வது. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஐரோப்பா முழுக்க விலை உயர்ந்த பரிசு. மர்ராதியிலேயே அதைச் செய்யும் ஆலை ஒன்று இருந்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பெண்கள், அதிலும் பெரும்பாலோர் சீசனுக்கு மட்டும் எடுக்கப்பட்டவர்கள். 2022 ஜனவரியில், அதன் வெளியூர் உரிமையாளர்கள் இந்த உற்பத்தியை வடக்கே பெர்கமோ பக்கம் கொண்டுபோகப் போவதாகத் தகவல் வந்தது. பெண்கள் ஆலை வாசலில், மலைக் குளிரில், நெருப்பு மூட்டி உட்கார்ந்துவிட்டார்கள். ஊரும் கூடவே வந்து நின்றது. இத்தாலி முழுக்கப் பத்திரிகைகள் எழுதின. விழாவுக்கு வருகிறவர்கள் பார்க்கும் மர்ராதி ஒன்று, அந்த வாசலில் உட்கார்ந்திருந்த மர்ராதி இன்னொன்று. இரண்டும் ஒரே கொட்டையைத்தான் நம்பியிருந்தன. புவிசார் குறியீடு என்பது கொட்டை எங்கே விளைய வேண்டும் என்று சொல்கிறது. அந்தக் கொட்டையை எங்கே பாகில் போட வேண்டும், யாருக்குக் கூலி போக வேண்டும் என்று அது சொல்வதில்லை. 

அடுத்த வருடமும் ஊரை விட்டுவைக்கவில்லை. 2023 மே மாதப் பெருமழையில் மலைகள் சரிந்தன. சாலைகள் அறுந்தன, லமோனே பள்ளத்தாக்கு ரயில் பாதையும் நின்றது. செப்டம்பர் 18 அதிகாலையில் மர்ராதிக்கு அருகே மையம் கொண்டு 4.9 அளவில் நிலநடுக்கம். திருவிழாவுக்குச் சில வாரங்கள்தான் இருந்தன. வீடுகளில் விரிசல், பள்ளிக்கூடங்கள் மூடல், ஜனங்கள் ராத்திரி தெருவில்.

மண் சரிந்த இடங்களில் ஒட்டுக் கட்டிய பழைய மரங்கள் வேரோடு போயின. அந்த இடத்தில் இப்போது வைக்கும் கன்று நன்றாகக் காய்க்கத் தொடங்கவே பத்துப் பதினைந்து வருடம் பிடிக்கும்.